இஸ்திஹாளா: நாம் சொல்லாமல் விட்ட பாதி

(மஹல்லாவின் வருடாந்திரப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

இன்றைய தலைப்பை நாம் கமிட்டியில் தெரிவித்தபோது, இரண்டு பெரியவர்கள் முகம் சுளித்தனர். "ஹஜ்ரத், இது பள்ளிவாசலில் பேசுகிற விஷயமா?" என்று அவர்களில் ஒருவர் நேரிடையாகவே கேட்டுவிட்டார். நாம் அவரிடம், "ஹைளு, நிபாஸ், இஸ்திஹாளா, கடமையான குளிப்பு என்று பதினைந்து வயது மாணவர்களுக்கு ஃபிக்ஹுப் பாடத்தில் வரிவரியாக நடத்துகிறோமே, அது எந்தக் கட்டடத்தில் நடக்கிறது?" என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். அனுமதியும் கிடைத்தது.

நாம் அரபிக் கல்லூரியில் ஓதி வந்தவர். மருத்துவம் பயின்றவர் அல்லோம். ஆகவே இவ்வுரையில் வரும் மருத்துவச் செய்திகள் யாவும், பெண் மருத்துவர் ஒருவரிடம் நம் இல்லத்தாரையும் அழைத்துச் சென்று கேட்டறிந்து, எழுதிக் காட்டி, திருத்தம் பெற்றவையாகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஓர் இமாமிடம் பெண்கள் தரப்பிலிருந்து அதிகமாக வரும் கேள்வி எது என்று நினைக்கிறீர்கள்? ஜகாத்தும் அல்ல, பாகப் பிரிவினையும் அல்ல. உதிரம் பற்றிய கேள்விதான். கணவர் வந்து, மற்றவர்கள் எழுந்து போகும் வரை காத்திருந்து, தலையைக் குனிந்துகொண்டு கேட்பார். சிலர் பெண்கள் மதரஸாவின் ஆலிமா வழியாகச் சீட்டு எழுதி அனுப்புவர். 'நாள் கடந்தும் நிற்கவில்லை, தொழலாமா?' 'குளித்துச் சுத்தமான பிறகு இடையில் இரண்டு நாள் கறை தெரிகிறது, நோன்பு கூடுமா?' 'கணவருடன் சேர்ந்த பிறகு இரத்தம் தெரிகிறது, அது ஹைளா?'

இவற்றிற்கெல்லாம் விடை நமக்கு மனப்பாடம். ஹைளின் உச்ச அளவு ஷாஃபிஈ மத்ஹபில் பதினைந்து நாட்கள். ஹனஃபி மத்ஹபில் பத்து நாட்கள். அதைக் கடந்து வருவது இஸ்திஹாளா. சுத்தம் செய்து, துணி கட்டி, ஒவ்வொரு பர்ளுக்கும் நேரம் வந்தபின் ஒளுச் செய்து தொழ வேண்டும். நோன்பு கூடும். ஐந்து நிமிடத்தில் விடை முடிந்துவிடும். கேட்டவரும் நிம்மதியுடன் எழுந்து போய்விடுவார்.

பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள், தமக்கு உதிரம் நிற்பதே இல்லை, தொழுகையை விட்டுவிடலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேட்ட செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அது ஹைளு அன்று, ஒரு நரம்பிலிருந்து வருவது என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்தார்கள். இந்த ஹதீஸை நாம் எத்தனையோ தடவை பாடம் நடத்தியிருக்கிறோம். வழக்கமான ஹைளு அன்று என்றால், வேறு ஏதோ ஒரு காரணத்தால் வருகிறது என்றுதானே பொருள்? அந்தக் காரணத்தைத் தேடிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று நமக்குப் பல்லாண்டுகள் தோன்றவே இல்லை. சட்டத்தைச் சொன்னோம்; உடலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நாம் முன்பு இமாமத் செய்துவந்த வேறோர் ஊரில் நடந்ததைச் சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்துடன், அடையாளம் தெரியாதவாறு இங்கே சொல்கிறோம்.

திருமணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண். இடைநாட்களில் கறை தெரிகிறது என்று கணவர் வந்து கேட்டார். இஸ்திஹாளாச் சட்டத்தைச் சொல்லி அனுப்பினோம். அடுத்த வருடம் ரமளானுக்கு முன் அதே கேள்வி சீட்டாக வந்தது. அதே பதிலை எழுதிக் கொடுத்தோம். மூன்றாவது முறை அப்பெண்ணின் தாயார் நம் வீட்டுக்கே வந்து நம் இல்லத்தாரிடம் கேட்டார். அப்போதும் பதில் மாறவில்லை. 2019ஆம் ஆண்டு ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு மனு வந்தது. நான்கு வருடமாகக் குழந்தையில்லை, பெண் உடம்புக்கு ஆகாதவள், பிரித்துவிடுங்கள் என்று மாப்பிள்ளையின் அண்ணன் எழுதியிருந்தார். பெயரைப் பார்த்ததும் நமக்குத் திடுக்கிட்டது.

விசாரணையில் ஒவ்வொன்றாக வெளிவந்தது. அடிவயிற்றில் வலி இருந்திருக்கிறது. கணவருடன் சேரும்போதும் வலி. தாயாரிடம் சொன்னபோது, "உடம்புச் சூடு" என்று வெந்தயமும் இளநீரும் கொடுத்திருக்கிறார். பின்பு மருந்துக் கடையில் சொல்லி மாத்திரை வாங்கியிருக்கிறார்கள். சில வாரம் குறையும், திரும்பவும் வரும். நான்கு வருடத்தில் அந்தக் கணவர் ஒரு மாத்திரைகூட விழுங்கவில்லை. அவரை யாரும் விழுங்கச் சொல்லவும் இல்லை. நோய் மனைவிக்குத்தானே என்பது எல்லோருடைய எண்ணமும்.

மனுவை ஒத்திவைத்து, இருவரையும் ஒரு பெண் மருத்துவரிடம் அனுப்பினோம். அவர் சோதித்துவிட்டு, கருப்பையின் வாயிலிருந்து குச்சியில் எடுத்த நீரைச் சென்னைக்கு அனுப்பினார். வந்த காகிதத்தில்தான் அந்தப் பெயரை நாம் முதன்முதலாகக் கண்டோம்: மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம். கணவருக்கும் சோதித்தார்கள். அவரிடமும் இருந்தது. அவருக்கோ எந்தத் தொந்தரவும் இல்லை.

இது என்ன புதுப் பெயர் என்று நாம் கேட்டபோது அம்மருத்துவர் சொன்னவற்றைச் சுருக்கிச் சொல்கிறோம்.

இது ஆண், பெண் உறவின் மூலம் பரவும் ஒரு பாக்டீரியா. 1980இல் லண்டனில், சிறுநீர்த்தாரையில் எரிச்சலுடன் வந்த பதின்மூன்று ஆண்களைச் சோதித்தபோது அவர்களில் இருவரிடம் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மருத்துவ இதழில் வெளியானது. தானாக வளரக்கூடிய உயிரினங்களில் மிகச் சிறியவற்றுள் ஒன்று. 1995இல் அதன் மரபுக் குறியீடு முழுவதையும் படித்துவிட்டார்கள். சுமார் 5 லட்சத்து 80 ஆயிரம் எழுத்துக்கள்தாம். மனிதனுடையது முந்நூறு கோடி எழுத்துக்கள். இதனுடையதையோ நடுத்தர அளவுள்ள ஒரு புத்தகத்தில் அச்சிட்டு முடித்துவிடலாம். அல்லாஹ்வின் படைப்பில் இத்தனை சிறியது ஒரு குடும்பத்தையே பிரிக்கும் இடம் வரை கொண்டுபோய் விட்டதே என்று அன்று நமக்கு வியப்பாக இருந்தது.

முப்பது, நாற்பது ஆண்டுகளாகியும் இதை ஏன் பலரும் அறியவில்லை? ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்ப்பது மிகக் கடினம். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். கொரோனா காலத்தில் நாமெல்லாம் மூக்கில் குச்சி விட்டுக் கொடுத்தோமே, அந்தப் பி.சி.ஆர். முறை 1990களின் தொடக்கத்தில் இக்கிருமிக்கு வந்த பிறகுதான் ஆராய்ச்சியே நகர்ந்தது. அமெரிக்க அரசின் மருந்துத் துறை இதற்கென ஒரு சோதனைக்கு முதல் அனுமதி கொடுத்தது 2019 ஜனவரியில்தான். நம் பகுதியில் இன்னும் எல்லா ஊர்களிலும் இச்சோதனை கிடைப்பதில்லை.

பெண்ணுடலில் இது கருப்பை வாயில் அழற்சியை உண்டாக்குகிறது. சிலருக்கு வெள்ளைப்படுதல் மாறும். சிலருக்கு இடைநாளிலும், உறவுக்குப் பின்னும் இரத்தம் தெரியும். அதாவது எந்தக் கேள்வியுடன் நம்மிடம் வருகிறார்களோ அந்தக் கேள்வியே! அங்கிருந்து மேலேறிக் கருப்பையையும் கருக்குழாய்களையும் தாக்கினால் அடிவயிற்றில் வலி, காய்ச்சல். கருக்குழாயில் தழும்பு ஏற்பட்டு அடைப்பு உண்டாகலாம். இக்கிருமி உள்ள பெண்களுக்குக் கருப்பை, கருக்குழாய் அழற்சியும் குறைமாதப் பிரசவமும் ஏறத்தாழ இரு மடங்கு அதிகமாகக் காணப்படுவதாக, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2015இல் வெளியிட்டுள்ளார்கள். குழந்தையின்மைக்கும் தொடர்பு தெரிகிறது. ஆனால் இதுவேதான் காரணம் என்று மருத்துவ உலகம் இன்னும் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. இதை அழுத்திச் சொல்லும்படி மருத்துவர் கேட்டுக்கொண்டார். குழந்தையில்லாத ஒவ்வொரு வீட்டிலும் இக்கிருமி இருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

இன்னொன்றும் சொன்னார். 2010 முதல் 2012 வரை பிரிட்டனில் பொதுமக்களிடையே நடத்திய ஆய்வில், 16 முதல் 44 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமானோரிடம் இது இருந்தது. அப்படி இருந்த பெண்களில் பாதிப் பேருக்கு மேல் எந்த அறிகுறியும் இல்லை. ஆண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இல்லை. ஆகவே "எனக்கு ஒன்றுமில்லை" என்று ஓர் ஆண் சொல்வதற்கு இங்கே மதிப்பில்லை. அவர் பொய் சொல்லவில்லை; அவருக்குத் தெரியாது.

இனி மருந்து. இக்கிருமிக்கு மேலுறை போன்ற செல்சுவர் கிடையாது. பென்சிலின், செஃபிக்ஸைம் போன்றவை அந்தச் சுவரைத் தாக்கும் மருந்துகள். சுவரே இல்லாத வீட்டில் அவை எதை இடிக்கும்? அடுத்தது அசித்ரோமைசின். இந்தப் பெயரை இங்கு அறியாதவர் இல்லை. தொண்டை வலிக்கும், சளிக்கும், 2020க்குப் பின் கொரோனாவுக்கும் என்று மருத்துவரைக் கேளாமலே வாங்கி விழுங்கியிருக்கிறோம். இக்கிருமிக்கு எதிராக அது ஒரு காலத்தில் நன்கு வேலை செய்தது. உலக நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அம்மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் 2010க்கு முன் பத்தில் ஒன்றாக இருந்தன. 2016, 2017இல் பாதியாகிவிட்டன. ஒரே வேளையில் ஒரு கிராம் கொடுத்து அனுப்பும் முறையே இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். மருந்துக் கடை மாத்திரையால் அந்தப் பெண்ணுக்குச் சில வாரம் குறைந்து மறுபடி வந்ததன் இரகசியம் இதுவாக இருந்திருக்கலாம்.

2021இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, முதலில் ஏழு நாட்கள் டாக்ஸிசைக்ளின் கொடுத்துக் கிருமியின் எண்ணிக்கையைக் குறைத்து, அதன்பின் இரண்டாவது மருந்து கொடுக்க வேண்டும். எதிர்ப்பு இருக்கிறதா என்று தெரியாத இடத்தில் அந்த இரண்டாவது மருந்து மாக்ஸிஃப்ளாக்சசின். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கும் அதுவே கைகொடுக்கும் மருந்துகளில் ஒன்று என்பதைக் கவனியுங்கள். அதையும் நாம் சளி மாத்திரை போல் வாங்கித் தீர்த்துவிட்டால் பிறகு எங்கே போவது? கர்ப்பிணிகளுக்கு இம்மருந்துகளைத் தவிர்ப்பர்; அவர்களுக்கு வேறு வழி. நாம் மருந்தின் பெயர்களைச் சொன்னது நீங்கள் கடையில் போய்க் கேட்பதற்காக அல்ல, கேட்காமல் இருப்பதற்காக!

கணவன், மனைவி இருவருக்கும் ஒரே காலத்தில் சிகிச்சை நடக்க வேண்டும். முடியும் வரை உறவைத் தவிர்க்க வேண்டும். மனைவிக்கு மட்டும் மருந்து கொடுப்பது, ஒரு பக்கம் இறைத்துக்கொண்டே மறுபக்கம் வாய்க்காலைத் திறந்து விடுவது போன்றது.

ஒரு சகோதரர் நம்மிடம் தனியே, "ஹவ்ளுத் தண்ணீரில் பரவுமா ஹஜ்ரத்?" என்று கேட்டார். பரவாது. ஹவ்ளு, கழிப்பறை, துண்டு, ஒரே தட்டில் உண்பது ஆகிய எதிலும் பரவாது. இப்படிப்பட்ட அச்சத்தை வீட்டில் உண்டாக்கி, ஒரு மருமகளைத் தனித்தட்டில் சாப்பிட வைத்துவிடாதீர்கள்.

இப்போது கசப்பான இடத்துக்கு வருகிறோம். அந்தக் காகிதம் கைக்கு வந்த அன்று மாலையே, "அப்படியானால் இது யாரிடமிருந்து வந்தது?" என்ற கேள்வி எழுந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்த்தார்கள். பெண் வீட்டார், மாப்பிள்ளை திருமணத்துக்கு முன் வெளியூரில் இருந்த வருடங்களை எண்ணத் தொடங்கினார்கள். மார்க்கம் தடுத்த உறவு எங்கோ, எப்போதோ நிகழ்ந்திருந்தாலன்றி இக்கிருமி பொதுவாக ஒரு வீட்டுக்குள் வராது என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. ஆனால், யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்த ஆண்டு வந்தது என்று எந்தப் பரிசோதனைச் சீட்டும் சொல்வதில்லை. அறிகுறியே இல்லாமல் மாதக்கணக்கில், சிலரிடம் ஓராண்டுக்கு மேலும் இது தங்கியிருக்கும். முதலில் யாரிடம் கண்டுபிடிக்கப்பட்டதோ அவரே முதலில் பெற்றவர் என்று ஆகாது. பெண் முதலில் மருத்துவரிடம் போனாள், அதனால் அவளிடம் முதலில் தெரிந்தது, அவ்வளவுதான்.

கற்புள்ள பெண்ணின் மீது பழி சுமத்துவது பெரும்பாவங்களில் ஒன்று என்பதையும், அதற்கு நான்கு சாட்சிகளை மார்க்கம் கேட்கிறது என்பதையும் இங்கு ஓதாதவர் யாருமில்லை. ஆய்வுக்கூடச் சீட்டு அந்த நான்கில் ஒன்று அல்ல. அன்று ஜமாஅத் அலுவலகத்தில் இதை நாம் சொன்னபோது சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தக் கணவரே எழுந்து, "மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், நாங்கள் மருந்து சாப்பிடப் போகிறோம்" என்று சொன்னார். அண்ணன் கோபத்துடன் வெளியே போனார். அவர் இன்றுவரை நம்மிடம் பேசுவதில்லை; அது வேறு விஷயம்.

மருந்து முடிந்து மறுசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. ஆனால் பெண்ணின் கருக்குழாய் ஒன்றில் அடைப்பு இருப்பது தெரிந்தது. அவர்கள் இருவரும் இன்றும் ஒரே வீட்டில்தான் வாழ்கின்றனர். இன்னும் குழந்தை இல்லை. அந்த அடைப்பு எந்த வருடம் ஏற்பட்டது என்று நாம் மருத்துவரிடம் கேட்டோம். "அதைச் சொல்ல முடியாது. முதல் வருடமே வந்திருந்தால் ஏற்படாமலே போயிருக்கலாம்" என்றார். அந்த முதல் வருடத்தில் கேள்வி நம்மிடம்தான் வந்தது. ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி அனுப்பியவர் நாம்தான். தொழுகை பற்றிச் சொன்ன சட்டத்தில் பிழையில்லை. என்றாலும் அந்தப் பதிலை நினைக்கும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது.

தாய்மார்களே! அன்ஸாரிப் பெண்கள் மார்க்கத்தைக் கற்றுக்கொள்வதற்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். நீங்களும் தொழுகைக்காக அந்த வெட்கத்தைக் கடந்து நம்மிடம் கேட்டு அனுப்புகிறீர்கள். மகள் அடிவயிறு வலிக்கிறது என்று சொன்னால், "ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். எல்லா வெள்ளைப்படுதலும் நோய் அல்ல. நாட்கள் முன்பின் ஆவதும் எப்போதும் நோய் அல்ல. ஆனால் உறவுக்குப் பின் இரத்தம், இடைநாட்களில் திரும்பத் திரும்பக் கறை, உறவின்போது வலி, துர்நாற்றத்துடன் நீர் ஆகியவை இருந்தால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். மாதவிடாய் முற்றிலும் நின்ற பாட்டிமார்களுக்கு மறுபடி உதிரம் தெரிந்தாலும் அப்படியே. இவற்றின் பின்னால் இந்தப் புதுக் கிருமிதான் இருக்கும் என்பதில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்கூட உறவுக்குப் பின் வரும் இரத்தத்தில்தான் முதலில் தலைகாட்டுவதுண்டு. அது நம் நாட்டுப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று. தொடக்கத்திலேயே கண்டால் குணமாக்கக் கூடியது.

அரசு மருத்துவமனைகளில் மகளிர் பிரிவும், பால்வினை நோய்களுக்கான பிரிவும் உள்ளன. பார்ப்பதற்குக் கட்டணமில்லை. மாத்திரை சாப்பிட்டும் திரும்ப வந்தால், "திரும்ப வந்துவிட்டது" என்று அதே மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். கடையை மாற்றிக்கொண்டு போகாதீர்கள். அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் எல்லோரும் இக்கிருமிக்குச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதில்லை. வீண் செலவு செய்ய வேண்டாம்.

கடந்த சில ஆண்டுகளாக, உதிரம் பற்றிய சீட்டு வந்தால் நாம் சட்டத்தை எழுதிவிட்டு, அதன் கீழே இரண்டு கேள்விகளையும் எழுதி அனுப்புகிறோம். எத்தனை மாதமாக இப்படி இருக்கிறது? மருத்துவரிடம் காட்டியாயிற்றா? பெண்கள் மதரஸா ஆலிமாவும் இப்போது அவ்வாறே கேட்கிறார். பதில் வராத சீட்டுக்களும் உண்டு. வந்தவற்றில் மூன்று பேர் மருத்துவரிடம் போனதாகத் தெரிவித்துள்ளனர். அவர்களுக்கு என்ன இருந்தது என்று நாம் கேட்கவில்லை. அது நமக்குத் தேவையும் இல்லை.

கமிட்டிக்கு இரண்டு வேண்டுகோள்கள் வைத்தோம், இரண்டும் ஏற்கப்பட்டன. நிக்காஹ் பதிவுக்கு வரும் மணமக்களுக்கு ஒரு மருத்துவரிடம் தனித்தனியே கால் மணி நேரம் பேச வாய்ப்பளிக்கப்படும். விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும், கட்டாயம் இல்லை, அங்கே பேசியது ஜமாஅத் ஏட்டில் ஏறாது. இரண்டாவது, இன்ஷா அல்லாஹ், ஷஅபான் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை பெண்கள் மதரஸாவின் மாடியில் பெண் மருத்துவர் ஒருவர் வந்து பேசுவார். ஆண்களுக்கு அன்று அஸருக்குப் பின் ஆண் மருத்துவர் ஒருவர் பள்ளிவாசல் முன்கூடத்தில் பேசுவார். கேள்விகளைப் போட மதரஸாப் படிக்கட்டில் ஒரு பெட்டி வைக்கப்பட்டுள்ளது. பெயர் எழுத வேண்டியதில்லை. பெட்டியின் சாவி ஆலிமாவிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை.

வஸ்ஸலாம்.